வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்: எதையும் தடவுவதற்கு முன்னால்

கீழக்கரையிலிருந்து தம்பி ஒருவர் கேட்டது இது. 2014 மாடல் டஸ்டர், கார் ஷெட் கிடையாது, வீட்டு வாசலில் வெயிலில்தான் நிற்கிறது. பம்பரின் கீழ்ப்பகுதி, வைப்பருக்கு அடியில் இருக்கும் பேனல், சைடு மிரர் கூடு என்று கறுப்பாக இருந்ததெல்லாம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் முன்பைவிட அசிங்கமாகிவிடுகிறது. ஒரு கடையில் எல்லாவற்றையும் கழற்றிப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள், இன்னொரு கடையில் சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் காட்டினால் புதுசாகிவிடும் என்கிறார்கள். எதைச் செய்வது?

தம்பி, இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் வண்டியில் தெரிகிற வெள்ளை எந்த வெள்ளை என்று முதலில் பார்க்க வேண்டும். நம் கரையில் ஓடுகிற வண்டியில் மூன்று வெள்ளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். வெயிலில் பிளாஸ்டிக்கே வெளுத்தது ஒன்று. கடல் உப்பும் போர்த் தண்ணீரின் சுண்ணாம்பும் காய்ந்து படிந்தது இன்னொன்று. பாடிக்குப் போட்ட வாக்ஸ், பாலிஷ், நீங்கள் தடவிய எண்ணெய் இவற்றில் புழுதி ஒட்டி இறுகியது மூன்றாவது. கடற்கரை இல்லாத உள் மாவட்டங்களில் இருந்துகொண்டு வீடியோ போடுகிறவர்கள் முதல் வெள்ளையை மட்டுமே பேசுவார்கள், அவர்களுக்கு அது போதும். இங்கே அப்படி இல்லை. பட்டறைக்கு வருகிற பல வண்டிகளில் ஒழுங்காகக் கழுவி முடித்ததுமே பாதிக் கறுப்பு திரும்பி வந்துவிடும், வண்டிக்காரரே ஆச்சரியப்பட்டுப் பார்ப்பார்.

கண்டுபிடிப்பது சுலபம். பம்பரில் கண்ணுக்குப் படாத ஓர் ஓரத்தில் உள்ளங்கை அகலம் இடம் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுகிற லிக்விடை ஒரு பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு நுரை வரத் தேய்த்துக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். அதே இடத்தில் மளிகைக் கடை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து பஞ்சில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும், ஈரமாக இருக்கும்போது எந்தப் பிளாஸ்டிக்கும் கறுப்பாகத்தான் தெரியும். சோப்பிலேயே கறுத்துவிட்டால் அது அழுக்கும் எண்ணெயும். வினிகருக்கு அப்புறம் கறுத்தால் சுண்ணாம்பு. இரண்டுக்கும் அசையாமல் சாம்பலாகவே நின்றால் அதுதான் வெயில் தின்றது, அதற்கு மட்டும்தான் மருந்து வாங்க வேண்டும்.

அந்த வெயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்தால் கடைக்காரர் சொல்வதில் எது உண்மை எது கதை என்று நீங்களே தரம் பிரித்துக்கொள்ளலாம். பம்பரைக் கழற்றினால் உள்பக்கத்தில் ஆங்கிலத்தில் பிபி என்றோ, பிபி, ஈபிடிஎம், டிடி20 என்று சேர்த்தோ அச்சாகியிருக்கும். பிபி என்றால் பாலிபுரோப்பிலீன், ஈபிடிஎம் ரப்பர், டிடி20 என்பது நூற்றுக்கு 20 பங்கு டால்க் பொடி கலந்திருக்கிறது என்பதற்கான குறி. இதில் கறுப்புக்காகக் கார்பன் பிளாக்கும், வெயில் தாங்குவதற்காக ஸ்டெபிலைசர் என்கிற மருந்தும் சேர்த்து வார்க்கிறார்கள். வருடக்கணக்காகப் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்த மருந்து தீர்ந்துபோகும். அதற்கப்புறம் மேல்தோலில் பிளாஸ்டிக்கின் நீளமான இழைகள் அறுபட்டு, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். உள்ளே இருந்த டால்க் பொடியும் வெளியே தலைகாட்டும். வெடிப்பில் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. கறுப்பு உள்ளேதான் இருக்கிறது, எங்கேயும் போகவில்லை. பாம்பன் கரையில் பழைய பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், கையில் பிடித்து உருவினால் உள்ளங்கையில் தூளும் சிராயும் ஒட்டும். அந்தக் கயிறும் பெரும்பாலும் இதே பாலிபுரோப்பிலீன்தான். வலைக்காரர்கள் வலையையும் கயிற்றையும் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறார்களே, காரணம் இதுதான்.

எண்ணெய் தடவியதும் ஏன் கறுக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வெடிப்பில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு எண்ணெய் போய் நிரம்புகிறது, வெளிச்சம் சிதறுவது நிற்கிறது, கறுப்பு தெரிகிறது. தண்ணீர் தெளித்தால் கறுப்பதும் அதனால்தான். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், டயர் பாலிஷ் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, வெளுத்த தோலை எதுவும் குணமாக்குவதில்லை. போதாக்குறைக்கு நம் ஊர்ப் புழுதியும் மணலும் எண்ணெயில் வந்து அப்பிக்கொள்ளும், அடுத்த வாரம் நீங்கள் பார்க்கிற அசிங்கம் அந்த மணல் கலந்த பிசுக்குதான். இதில் தேங்காய் எண்ணெயால் அழுக்கைத் தவிர பெரிய கெடுதல் இல்லை. இன்ஜின் ஆயிலும் டீசலும் வேறு கதை. கதவைச் சுற்றி, கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் ஈபிடிஎம்மில் செய்தது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதித் தொளதொளத்துப் போகும். சில வாட்டர் வாஷ் கடைகளில் துருப் பிடிக்காமலிருக்க அடியில் டீசல் அடித்துவிட்டு அதே துணியால் பம்பரையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். வண்டியை விடும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, நம் கரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்? ராமேசுவரம் ஏறக்குறைய 9.3 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை முதல் தேதியை ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை, நண்பகலில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். அதனால்தான் படுக்கைவாட்டில் இருக்கிற பாகங்கள், குறிப்பாக வைப்பர் பேனலும் ரூஃப் ரெயிலும், செங்குத்தாக நிற்கிற கதவுப் பட்டையைவிட முன்னாடியே வெளுக்கின்றன. அப்புறம் உப்பு. உலகத்திலேயே அதிகமாக அரிப்பு நடக்கிற இடங்களில் மியாமிக்கு அடுத்தது பாம்பன் பாலம் என்று சொல்வார்கள் இல்லையா, அந்த மியாமி இருக்கிற தெற்கு ஃப்ளோரிடாவில்தான் பெயிண்டும் பிளாஸ்டிக்கும் எத்தனை வருடம் வெயிலும் ஈரமும் தாங்கும் என்று சோதிக்கும் திடல்களே வைத்திருக்கிறார்கள். அவர்கள் தகட்டைச் சாய்த்து வைத்துச் சோதிப்பதை நாம் வாசலில் வண்டியை நிறுத்தியே செய்துவிடுகிறோம்.

ஆனால் ஒன்று, உப்பு பிளாஸ்டிக்கை அரிக்காது. பாலிபுரோப்பிலீனுக்கு உப்பால் ஒன்றும் ஆகாது. சொரசொரப்பான மேற்பரப்பின் பள்ளங்களில் உட்கார்ந்து வெள்ளையாகக் காயும், அவ்வளவுதான், நல்ல தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும். அது அரிப்பதெல்லாம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கிற ஸ்குரூவையும் பிராக்கெட்டையும். நிஜமாகவே தொல்லை கொடுப்பது நாம் கழுவுகிற தண்ணீர். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் என்று எந்தப் பக்கம் போனாலும் போர்த் தண்ணீர் உவர்க்கும், குளித்தால் சோப்பு நுரைக்காது. அதே தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைக் கழுவி வெயிலிலேயே காயவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு சுண்ணாம்பு வட்டத்தை விட்டுவிட்டுப் போகும். இது வெறும் தண்ணீரில் கரையாது, புளிப்பு வேண்டும், அதனால்தான் வினிகர். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் கலந்து துடைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பக்கத்தில் இருக்கிற இரும்பும் குரோமும் பெயிண்டும் போய்விடும்.

காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் அதை ஊற்றி வண்டி கழுவச் சொல்ல எனக்கு மனசு வராது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஏசி இருந்தால் அதிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுகிற தண்ணீரை ஒரு மூடி போட்ட பக்கெட்டில் பிடித்து வையுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, ஏறக்குறைய காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி, சுண்ணாம்பே இருக்காது. நம் கரையில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஓர் இரவு ஓடினாலே நிறையக் கிடைக்கும். முதல் கழுவலுக்குப் போர்த் தண்ணீரே போதும், கடைசியாக அலசுவதற்கு மட்டும் இந்தத் தண்ணீர். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற கழிவு நீரைப் பிடித்து வைக்காதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

இப்போது கழுவும் வேலை. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஆனால் எல்லோரும் அவசரப்படுவதும் இதில்தான். நிழலில் செய்யுங்கள், பிளாஸ்டிக்கைத் தொட்டால் சுடக் கூடாது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிடுங்கள், மணலோடு தேய்த்தால் பக்கத்துப் பெயிண்டில் கோடு விழும். நீங்கள் ஏற்கெனவே எண்ணெய் தடவியிருப்பதால் சாதாரண ஷாம்பு போதாது, ஆல் பர்பஸ் கிளீனரை பாட்டிலில் போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணீர் கலந்து அடித்து, இரண்டு நிமிடம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி நார், பச்சை ஸ்கிரப்பர் இரண்டும் கூடாது, பிளாஸ்டிக்கின் மேல் இருக்கிற அந்தப் புள்ளி புள்ளியான அச்சு தேய்ந்துவிட்டால் திரும்ப வராது. தேய்க்கும்போது நுரையைப் பாருங்கள். முதல் தடவை பழுப்பும் கறுப்புமாக வடியும், அது எண்ணெய்ப் பிசுக்கு. நுரை வெள்ளையாகவே வடிகிற வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளாமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும், அங்கங்கே உருண்டால் இன்னும் எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வினிகர் சுற்று, அப்புறம் ஏசித் தண்ணீரில் அலசல். துடைத்து, சந்துகளில் தேங்கிய தண்ணீர் வடியக் கதவுகளைத் திறந்து வைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

காய்ந்ததும் மிச்சமிருக்கும் சாம்பல் நிறம்தான் வெயிலின் கணக்கு. அதற்குக் கடையில் கிடைப்பவை மூன்று ரகம், மூன்றுக்கும் பெயர் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

டிரஸ்ஸிங் என்று வருவது முதல் ரகம். தண்ணீரில் கலந்த வெள்ளைப் பால் மாதிரி இருப்பது பரவாயில்லை, பளபளப்பு குறைவு, கையில் ஒட்டாது, ஆனால் சில கழுவலில் போய்விடும். எண்ணெய் போலப் பளபளவென்று இருக்கிற சிலிக்கான் ரகம் நம் ஊருக்கு ஆகாது, தனுஷ்கோடி ரோட்டில் ஒரு முறை போய்வந்தால் பம்பர் முழுக்க மணலாக நிற்கும். இரண்டாவது ரகம் சாயமோ ரெசினோ கலந்த டிரிம் ரெஸ்டோரர், வெடிப்பில் இறங்கி இறுகிக்கொள்ளும், மாதக்கணக்கில் நிற்கும். மூன்றாவது பிளாஸ்டிக்குக்கான செராமிக் கோட்டிங், கண்ணாடி மாதிரி இறுகும், ஒழுங்காகப் போட்டால் வருடக்கணக்கு. உங்கள் வண்டி வெளுத்திருக்கிற அளவுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். செராமிக் பெரும்பாலும் நிறம் சேர்க்காது, இருக்கிற நிறத்தை ஆழமாக்கிப் பூட்டிவிடும், அதனால் அது இன்னும் வெளுக்காத, மூன்று நான்கு வயதான வண்டிக்கு நல்ல முதலீடு. நன்றாக வெளுத்த பிளாஸ்டிக்கில் போட்டால் திட்டுத் திட்டாகத் தெரிய வாய்ப்பு உண்டு, அதை எடுப்பதும் பெரும்பாடு.

ரெஸ்டோரரோ கோட்டிங்கோ, போடுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஏசித் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒரு முறை துடைத்துவிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் மிச்சமிருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், கிளிசரின் கலந்திருக்கும். பெயிண்டும் பிளாஸ்டிக்கும் சேருகிற ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கை உறை போடுங்கள், சாயம் நகக்கண்ணில் ஏறினால் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. ஸ்பாஞ்சில் சில துளிகள் மட்டும் விட்டு, முதலில் வட்டமாகத் தேய்த்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, கடைசியில் ஒரே திசையில் நீளமாக இழுத்து முடியுங்கள். பாதியில் போன் வந்தது என்று நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு விழும், ஒரு பாகத்தை எடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பாட்டிலில் சொன்ன நேரம் விட்டு மைக்ரோஃபைபர் துணியால் மிச்சத்தை ஒற்றி எடுங்கள். தடிமனாக ஒரு கோட் போடுவதைவிட மெல்லியதாக இரண்டு கோட் எப்போதும் நன்றாக நிற்கும்.

நேரம் பார்ப்பது இங்கே முக்கியம். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது வாசலில் உட்கார்ந்து இந்த வேலையைத் தொடாதீர்கள், காயும் முன்பே மணல் பூசிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி, பங்குனிதான் தோது. காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள், அன்று இரவு வண்டியைக் கூரைக்கு அடியில் விடுங்கள். இரவுப் பனியிலும் உப்பு இருக்கும், இறுகாத கோட்டிங்கில் அது புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும். உங்களிடம் ஷெட் இல்லையென்றால் ஓர் இரவுக்குச் சொந்தக்காரர் வீட்டிலோ பட்டறையிலோ இடம் கேளுங்கள்.

ஹீட் கன் பற்றி. அது பொய் இல்லை, காட்டினால் கண்ணெதிரே கறுக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வருகிறது என்பார்கள். நடப்பது அதுவல்ல, மேல்தோல் லேசாக உருகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி சுற்றளவில் உருகும், ஹீட் கன்னோ சாதாரணமாகவே 300 டிகிரியைத் தாண்டும், அதனால் கை ஒரு கணம் நின்றால் அந்த இடம் வழுவழுவென்று பளபளத்துத் தனியாகத் தெரியும், அல்லது நெளிந்துவிடும். தீர்ந்துபோன ஸ்டெபிலைசர் சூட்டினால் திரும்ப வரப்போவதில்லை, ஆகவே அதே வெயிலில் அது மறுபடி வெளுக்கும், மேலே ஏதாவது கோட்டிங் போட்டால்தான் கொஞ்ச காலம் நிற்கும். கண்ணாடியை ஒட்டி இருக்கிற வைப்பர் பேனலை வண்டியில் வைத்தபடியே சூடு காட்ட யாரையும் விடாதீர்கள், ஒரே இடத்தில் சூடேறினால் முன் கண்ணாடி விரிசல் விடலாம், பேனலின் விலை எங்கே கண்ணாடியின் விலை எங்கே. தேங்காய் எண்ணெய் ஊறிய பிளாஸ்டிக் என்றால் புகையும். டிங்கரிங் செய்கிறவர் கேஸ் டார்ச்சை எடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பெயிண்ட் கடைசி வழி, ஆனால் சில நேரம் அதுதான் சரியான வழி. தொட்டால் விரலில் தூள் வருகிறது, தோல் வெடித்து உதிர்கிறது என்கிற நிலைக்கு வந்துவிட்டால் ரெஸ்டோரர் பிடிக்காது. பெயிண்ட் அடிப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள், பெயிண்டுக்கு அடியில் பிபிக்கான பிளாஸ்டிக் பிரைமர் போடுகிறீர்களா என்று. பாலிபுரோப்பிலீனில் எதுவும் சுலபத்தில் ஒட்டாது. சாதாரண பிரைமரோ நேரடிக் கறுப்பு ஸ்பிரேயோ அடித்தால் ஒரு கோடைக்குள் பாம்புச் சட்டை உரிவது போல உரியும், அப்புறம் மிச்சத்தைச் சுரண்டுவது பெரிய வேலை. லேசாக மணல் தாள் போட்டு, எண்ணெய் எடுத்து, அந்தப் பிரைமர் போட்டு, பளபளப்பில்லாத மேட் அல்லது சாட்டின் கறுப்பு அடித்தால் நன்றாக உழைக்கும். வைப்பர் பேனல் ரொம்பவும் நொறுங்கிவிட்டால் பெயிண்ட் செலவுக்கு முன்னால் புதுப் பேனல் விலையை விசாரித்துவிடுங்கள். கழற்றும்போது பழைய கிளிப்புகள் படபடவென்று உடையும், புதுக் கிளிப்பும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டுதான் கழற்ற ஆரம்பிக்க வேண்டும்.

எல்லாக் கறுப்பும் பிளாஸ்டிக் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைப்பர் கை இரும்பு, அதில் வெளுத்திருப்பது பெயிண்ட், நம் ஊரில் அதற்கு அடியில் துருவும் இருக்கும், தேய்த்து மேட் கறுப்பு ஸ்பிரே அடித்தால் தீர்ந்தது. கதவு ரப்பருக்கு ரெஸ்டோரர் வேண்டாம், தண்ணீரில் கலந்த டிரஸ்ஸிங் போதும். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற கறுப்பு இருந்தால் அதைப் பெயிண்ட் மாதிரி நடத்துங்கள், இந்தச் சாயம் எதுவும் அதில் படக் கூடாது.

வேலை முடிந்த பிறகு பெரிய பராமரிப்பு இல்லை. தனுஷ்கோடி, வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றி உப்பையும் மணலையும் இறக்கிவிடுங்கள், துணியால் துடைக்க வேண்டாம். பாடிக்கு வாக்ஸ் போடும்போது பிளாஸ்டிக்கை டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்றால் நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்றோ பனை ஓலையோ வேய்ந்த பந்தல், எந்தக் கோட்டிங்கையும்விட அதிகம் உழைக்கும். அதற்குப் பதிலாக கார் கவர் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை, நம் காற்றில் கவர் நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே புகுந்த மணல் பெயிண்டைத் தேய்க்கும். அடியில் வயிற்றுப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுகிற கவரானால் மட்டும் வாங்குங்கள், அதையும் வண்டியைக் கழுவிய பிறகே போடுங்கள்.